தேங்காயை மட்டும் குறைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்

எங்கள் குசினியில் ஒரு எண்ணெய்ப் போத்தல் இருக்கிறது. 750 மில்லிலீற்றர் பிடிக்கும். அதன் உடம்பில் நீலப் பேனையால் நான் கீறிய கோடுகள் இன்னும் அழியவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் திகதிகள். 2019 பங்குனியில், என் கணவர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த கிழமை கீறத் தொடங்கினேன். முதற் போத்தல் ஒன்பதாம் நாள் காலை முடிந்துவிட்டது. வீட்டில் ஐந்து பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 17 மில்லிலீற்றர் வரை போயிருக்கிறது, அதாவது மூன்று தேக்கரண்டிக்கும் மேல். இதற்குள் தேங்காய் சேரவில்லை, கடையில் வாங்கிய வடையும் றோல்ஸும் சேரவில்லை. இருபத்து நாலு வருடமாக அந்த வீட்டில் சமைக்கிறவள் நான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அளந்து பார்த்தேன்.

நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறோம். இவருக்கு மாரடைப்பு வந்தபோது வயது 49. தொப்பை இல்லை. விடிய நாலு மணிக்கு வயலுக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வருவார். "மண்வெட்டி பிடிக்கிற உடம்புக்கு இதயவருத்தம் வராது, அது கதிரையில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். உடல் உழைப்பு பெரிய காவல்தான். ஆனால் அது ஒரு காவல் மட்டும். சுருட்டும், வாய்க்கு இனிப்பான தேத்தண்ணியும், இரத்தத்தில் கூடிப்போன கொழுப்பும் அந்தக் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

அதற்கு இரண்டு வருடம் முன்னரே எங்களுக்கு அறிவித்தல் வந்திருந்தது. 2017 இல் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வரச்சொன்னார்கள். இரத்தம் எடுத்து, ஒரு கிழமையில் தாள் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 232. எச்டிஎல் 34. ட்ரைகிளிசரைட் 190. எல்டிஎல் 160. எல்லாம் ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

அந்தத் தாளை எப்படி வாசிப்பது என்று எங்களுக்குத் தெரியாது. மேலே இருந்த 232 ஐ மட்டும் பார்த்தோம், அதற்குப் பக்கத்தில் 200 என்று போட்டிருந்தது. 32 கூட, அவ்வளவுதான் என்று விளங்கிக்கொண்டோம். மொத்தம் என்பது நல்லதையும் கெட்டதையும் சேர்த்துக் கூட்டிய கணக்கு. தனியே அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கெட்டது என்கிற எல்டிஎல்தான் இரத்தக்குழாய்ச் சுவருக்குள் போய்த் தங்குகிறது. நல்லது என்கிற எச்டிஎல் குறைவாக இருப்பது ஆபத்துக்கு ஓர் அடையாளம். ட்ரைகிளிசரைட் என்பது சாப்பாட்டால் வந்து மிஞ்சிய சக்தியை உடம்பு கொழுப்பாக்கி இரத்தத்தில் அனுப்புவது. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் எல்டிஎல்லை நேரே அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். 232 இல் 34 போய், 38 போய், 160. ட்ரைகிளிசரைட் 400 ஐத் தாண்டினால் இந்தக் கணக்குச் சரிவராது. இப்போது எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது றிப்போட் வந்தால் என்னிடம் கொண்டு வருகிறார்கள். மருந்து சொல்ல எனக்குத் தெரியாது. எந்த எண்ணை டொக்டரிடம் கேட்கவேண்டும் என்று காட்டிக் கொடுக்கிறேன்.

சரி, 2017 க்கு வருகிறேன். கொலஸ்ட்ரோல் என்ற சொல்லைக் கேட்டதும் நான் செய்த முதல் வேலை தேங்காயை நிறுத்தியது. இரண்டாவது முட்டையை நிறுத்தியது, அதுவும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. சொதி இல்லை, சம்பல் இல்லை, பால்கறி இல்லை. தேங்காய் இல்லாமல் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்ன செய்வது? காலையில் கடைப் பாண். பாணுக்குப் பருப்பு, சிலநாள் சீனி. கறியில் ருசி குறைந்ததால் சோறு கூடப் போட்டார். பின்னேரம் வயலால் வந்தால் பசி, அதற்கு இரண்டு பணிஸ், அல்லது ஒரு பைக்கற் கிறீம் பிஸ்கற். அதோடு தேத்தண்ணி. கொழுப்பை நிறுத்திவிட்டோம் என்ற நிம்மதியில் நான் அதை எல்லாம் எண்ணவே இல்லை.

மாமி மட்டும் எதிர்த்தா. "எங்கட அப்பு தொண்ணூறு வயதுமட்டும் தேங்காய்ப்பால் குடிச்சவர்" என்று நாளுக்கு நாலுதரம் சொன்னா. மாமியின் அப்பு குடித்தது உண்மை. ஆனால் அவர் எந்த ஊருக்கும் நடந்துதான் போனவர். பேக்கரிப் பணிஸ் கண்டதில்லை, ஒரு நாளைக்கு ஒரு தேத்தண்ணி, அதுவும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. நாற்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அவருடைய தம்பியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. நெடுநாள் இருந்தவர்களின் கதைதான் வீட்டில் மிஞ்சும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப இரத்தம் கொடுத்தோம். மொத்தம் 221. குறைந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். டொக்டர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, ஒவ்வொரு எண்ணாகக் காட்டினார். எல்டிஎல் 137, அது இறங்கியிருக்கிறது, தேங்காயைக் குறைத்ததற்குப் பலன் இருக்கிறது. ஆனால் ட்ரைகிளிசரைட் 190 இல் இருந்து 265 க்கு ஏறியிருக்கிறது. எச்டிஎல் 31. "அம்மா, தேங்காயை எடுத்த இடத்தில் என்ன வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நான் ஒன்றும் வைக்கவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு பாண், பணிஸ், கூடுதல் சோறு, தேத்தண்ணி என்று ஒவ்வொன்றாக வாயால் வந்தது. ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. 50 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் எல்லையே ஏறக்குறைய அந்த 50 கிராம்தான். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. இவர் தேத்தண்ணியால் மட்டுமே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். சீனியும் வெள்ளை மாவும் மிஞ்சினால் ஈரல் அதை ட்ரைகிளிசரைட்டாக மாற்றி இரத்தத்தில் விடும். கள்ளும் சாராயமும் அப்படித்தான். கொழுப்பைச் சாப்பிடாமலே இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மாவையும் சீனியையும் பற்றிக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் சுலபமான காரியம் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி கண்ணில் படாத நாட்கள் எத்தனை. 2009 இல் முகாமுக்குள் இருந்தபோது நிவாரணமாகக் கிடைத்த அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் எண்ணெயும்தான் என் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. மீளக் குடியேறி வந்தபோது வயல் பற்றைக்காடு, தென்னைகள் தலையில்லாமல் நின்றன. மாவிலேயே இரண்டு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு வயல் விளைந்தது, குரக்கன் விளைந்தது, ஆனால் நாக்கு மாவிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிறவருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுப்பது மாமிக்கு மரியாதை. அதை நான் குறை சொல்லமாட்டேன். இல்லாத காலத்தைக் கண்டவ அவ.

டொக்டர் அன்றைக்கு ஒரு குளிசை எழுதினார், அட்டோவாஸ்ட்டற்றின். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதை அது குறைக்கும். அதனால் ஈரல் தன் தேவைக்கு இரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்து எடுத்துக்கொள்ளும். இவர் இரண்டு மாதம் போட்டார். அப்புறம் கால் உளைகிறது என்றார். பக்கத்து வளவு அண்ணை, அந்தக் குளிசை ஈரலைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். இவர் நிறுத்திவிட்டார். எனக்கும் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. காய்ச்சல் குளிசை மாதிரி, குறைந்தால் நிறுத்தலாம் என்று நினைத்தேன். சிலருக்கு அந்தக் குளிசையால் தசைநோவு வருவது உண்டு. அப்படி வந்தால் டொக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது வேறு குளிசை தருவார். நாங்கள் சொல்லவில்லை. கிளினிக்குக்கும் போகவில்லை.

2019 மாசி, காலபோக அறுவடை. அறுவடை மிசின் வயலுக்குள் நின்றது. பத்து மணிபோல வரம்பில் குந்திக்கொண்டு இருந்தவரைக் கண்டேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் வியர்வை வேறு, அது வேறு. முகம் சாம்பல் நிறம். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றிக்கொண்டு இருக்கிறமாதிரி என்றார், இடது தோளும் தாடையும் உளைகிறது என்றார். "வாய்வு, இஞ்சி போட்டுப் பிளேன்ரீ கொண்டு வா." கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளியும் சுட்டுக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் அப்படிப் போனது. 1990 க்கு எடுத்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் ஒழுங்கைத் தம்பியின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஈசிஜி எடுத்த உடனேயே அஸ்பிரினைச் சப்பச் சொன்னார்கள், இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே அஞ்சியோகிராம் என்று இதயத்து இரத்தக்குழாயைப் படம் பிடித்துப் பார்த்து, அடைத்த குழாய்க்குள் ஸ்ரென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள்.

நெஞ்சு இறுக்கம் வியர்வையோடு வந்தால், தோளுக்கோ தாடைக்கோ ஏறினால், அது வாய்வு என்று நாங்கள் முடிவெடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு அவர்கள் வாய்வு என்று சொல்லட்டும். இழந்த அந்த இரண்டு மணித்தியாலத்தில் இவருடைய இதயத் தசையில் ஒரு பங்கு செத்துவிட்டது. இன்றைக்கும் ஒரு மூட்டை நெல்லைத் தனியாகத் தூக்க அவரால் ஏலாது.

யாழ்ப்பாணத்தில் ஓர் இளம் டொக்டர் கட்டிலில் இருந்து இவருக்கு விளக்கினார். இவர் கேட்டது: "வாய்க்காலுக்குள் வண்டல் படிஞ்சு அடைக்கிற மாதிரியோ தம்பி?" டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஐயா, வாய்க்காலை விடுங்கோ, குளக்கட்டை நினையுங்கோ. கட்டுக்கு உள்ளுக்குள் எலி வளை தோண்டுது. வெளியில் பார்த்தால் புல்லு முளைச்சு நல்லாத்தான் இருக்கும். ஒருநாள் மழைக்கு அந்த இடம் உடைக்கும்." குழாயின் சுவருக்குள்தான் எல்டிஎல் போய்ச் சேர்ந்து, அங்கே வீங்கிப் புண்ணாகிறது. அந்த இடம் திடீரென்று வெடித்தால் அதன்மேல் இரத்தம் கட்டியாகி வழியை அடைக்கிறது. அதனால்தான் முதல்நாள் வரை மண்வெட்டி பிடித்தவர் மறுநாள் விழுகிறார். புகை, பிறசர், சீனி வருத்தம் மூன்றும் அந்தச் சுவரை இன்னும் பலவீனமாக்கும். முத்தையன்கட்டுக் கட்டில் சிரமதானம் செய்து எலி வளை அடைத்த மனிதர் இவர். அதைக் கேட்ட பிறகு ஒரு சுருட்டும் தொடவில்லை. குளிசையும் ஒருநாள் தவறவில்லை.

வீட்டுக்கு வந்த கிழமைதான் நான் போத்தலில் கோடு கீறினேன்.

இந்த முறை எதையும் நிறுத்துவதற்கு முன்னர், அந்த இடத்தில் எதை வைப்பது என்று யோசித்தேன். முதல்தரம் நிறுத்துவதற்கு முன்னர் தேங்காய் நாளுக்கு இரண்டு போனது, இப்போது ஒன்றுக்கும் குறைய. சொதி இருக்கிறது. ஆனால் முதற்பால் இல்லாமல் இரண்டாம் பாலில் வைக்கிறேன். கொழுப்பில் பெரும்பகுதி முதற்பாலோடு போய்விடும். புளியும் வெந்தயமும் பச்சைமிளகாயும் சரியாக விழுந்தால் ருசிக்குக் குறைவில்லை. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைந்த கொழுப்பு, அதாவது எல்டிஎல்லைக் கூட்டுகிற வகைக் கொழுப்பு. 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020 இல் வந்த ஓர் அலசல், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைச் சராசரி 10 அளவு கூட்டுகிறது என்று சொன்னது. எச்டிஎல்லும் 4 அளவு கூடுகிறது, ஆனால் அது ஈடு செய்யும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆகவே பொரிப்பதற்குத் தேங்காயெண்ணெய் இல்லை. கடையில் மலிவாக அளந்து தருகிற பாம் எண்ணெயிலும் பாதி நிறைந்த கொழுப்புத்தான். எங்கள் மேட்டுக்காணியில் எள்ளுப் போடுகிறோம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் நிறைந்த கொழுப்பு ஏழில் ஒரு பங்குதான். தாளிக்க அதுதான், அதுவும் கரண்டியால் அளந்து. போத்தலால் நேரே சட்டிக்குள் ஊற்றுவதை விட்டதே பெரிய மாற்றம். இப்போது அந்தப் போத்தல் இருபது நாளைக்கு வருகிறது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிப்பதும் இல்லை.

மீனுக்கு எங்களுக்குக் குறைவில்லை. குளத்து ஜப்பான் மீன் வீட்டு வாசலுக்கு வரும், முல்லைத்தீவுக் கடலால் சூடையும் கீரியும் சைக்கிளில் வரும். கடல்மீன்களில் இந்தச் சின்ன மீன்களில்தான் இதயத்துக்கு நல்ல கொழுப்புக் கூட இருக்கிறது. விலையும் குறைவு. முன்னர் அதையெல்லாம் மொறுமொறுவென்று பொரித்தே சாப்பிட்டோம். இப்போது புளி விட்டுத் தீயல். கருவாடு மாதத்தில் ஒருநாள்தான், அதில் உப்புக் கூட என்பதால்.

சோற்றைச் சுண்டால் அளக்கிறேன். மத்தியானத்துக்கு நாலு சுண்டு போட்டது இரண்டரை ஆகிவிட்டது, தவிடு போகாத சிவப்பரிசி. கோப்பையில் குறைந்த இடத்தை நிரப்ப முருங்கையிலை, வல்லாரை, பயற்றங்காய், வெண்டிக்காய். காலையில் அவித்த கௌபி அல்லது பயறு, கிழமையில் இரண்டு நாள் குரக்கன் புட்டு. பயறு வகையிலும் வெண்டிக்காயிலும் இருக்கிற வழுவழுப்பான நார், குடலுக்குள் கொலஸ்ட்ரோலைக் கொஞ்சம் பிடித்து வெளியே கொண்டுபோகும். பின்னேரப் பசிக்கு ஒரு கைப்பிடி கச்சான். யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போய் வரும்போது பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். அங்கே கச்சான் வாங்காமல் வருவது எங்கள் ஆட்களுக்கு வழக்கமில்லை. கச்சான் கொழுப்புத்தான், ஆனால் நிறையாத கொழுப்பு. பிஸ்கற்றின் இடத்தில் வந்தால் நல்லது, பிஸ்கற்றோடு சேர்ந்து வந்தால் கூடாது. உப்புப் போடாததைக் கேட்டு வாங்குகிறேன்.

முட்டை பிள்ளைகளுக்குத் திரும்ப வந்துவிட்டது. கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை உடம்பே செய்கிறது. சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ரோலைவிட நிறைந்த கொழுப்புத்தான் பெரும்பாலானோருக்கு எல்டிஎல்லைக் கூடத் தூக்கும். இவருக்குக் கிழமைக்கு மூன்று போதும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரண்டு வருடம் வளருகிற பிள்ளைகளின் வாயால் முட்டையைப் பறித்தேனே என்று எனக்கு இன்றும் மனம் உளையும்.

தேத்தண்ணிதான் கடைசிவரை இழுத்தது. இரண்டு கரண்டியில் இருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று நாலு மாதம் எடுத்தது. இப்போது பனங்கட்டி ஒரு சின்னத் துண்டு, நாளுக்கு இரண்டு தேத்தண்ணி. பனங்கட்டியும் இனிப்புத்தான், சீனியை விட நல்லது என்று எண்ணி அள்ளிப் போட்டால் அதே கதைதான்.

நாலு மாதத்தில் வந்த றிப்போட்: மொத்தம் 132, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைட் 140, எல்டிஎல் 66. சாப்பாட்டால் மட்டும் இது வந்தது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எல்டிஎல்லை இந்தளவுக்கு இறக்கியது பெரும்பாலும் குளிசை. ட்ரைகிளிசரைட்டை இறக்கியதில் குசினிக்குக் கூடப் பங்கு. மாரடைப்பு வந்த ஒருவருக்கு 55 க்குக் கீழே இருப்பது நல்லது என்று சொல்லி டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை 52. சாப்பாட்டைத் திருத்தினால் குளிசை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள், குளிசை போட்டால் எதையும் சாப்பிடலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் எங்கள் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டேன்.

மூத்தவனுக்கு இப்போது 26. ரிப்பர் ஓடுகிறான். ரோட்டுக் கடையில் கொத்துரொட்டி, சோடா, நடுச்சாமத்தில் வீடு. அப்பாவுக்கு ஐம்பதுக்கு முன்னர் வந்தால் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும் என்று கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. "எனக்கு என்ன வருத்தம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், போன மாதம் தானாகவே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து தாளை என் கையில் தந்தான். எல்டிஎல் 148. மேலே இருந்த மொத்தத்தை அவன் பார்க்கவில்லை, நேரே எல்டிஎல் வரியில் விரலை வைத்தான். சுருட்டுப் பழக்கம் அவனுக்கு இல்லை, அது ஒரு நிம்மதி. வாற புதன்கிழமை டொக்டரைக் காண நாள் தந்திருக்கிறார்கள். அவித்த பயறு கொஞ்சம் டப்பாவில் கட்டிக் கொடுக்கவேண்டும், திரும்பி வரும்போது கடையில் நிற்காமல் வர.